சையது காரு வருகிறார்

சுவரில் படிந்திருந்த எண்ணெய்க் கறையைக் கயிறு வைத்து அளந்துகொண்டிருந்தேன். ஒரு நுனியைத் தரையில் காலால் மிதித்துக்கொண்டு, கயிற்றை இழுத்துக் கறையின் நடுவுக்குக் கொண்டுபோய், அந்த இடத்தில் ஒரு முடிச்சுப் போட்டேன்.

அது என் மனைவி பிலோமினா சாய்ந்து உட்காருகிற இடம். அரிசியில் கல் பொறுக்கினாலும் அங்கேதான், என்னோடு சண்டை போட்டாலும் அங்கேதான். அவள் தலைக்கு வைக்கிற தேங்காய் எண்ணெய் சுண்ணாம்புச் சுவரில் இறங்கி, தோசையளவுக்குப் பழுப்பேறிப் போயிருந்தது. ஆள் ராயபுரத்தில் தாய்வீட்டில் இருந்தாள். கறை மட்டும் எண்ணூரில் என்னோடு இருந்தது.

வாசலில் வளையல் கூடையை இறக்கிய வெங்கட்டம்மா இதைப் பார்த்துவிட்டு, சுவருக்குச் சட்டை தைக்கப் போகிறேனா என்று கேட்டாள். இல்லை, வண்டி வாங்கப் போகிறேன் என்றேன். அவள் கூடையைத் தூக்கிக்கொண்டு அடுத்த வீட்டுக்குப் போய்விட்டாள். எனக்கு மூளை கலங்கிவிட்டது என்று நினைத்திருப்பாள்.

இந்த வெங்கட்டம்மாவை வாசகர்கள் ஞாபகம் வைத்துக்கொள்ள வேண்டும். பின்னால் நடந்த குழப்பத்துக்கெல்லாம் அவளுடைய காதுதான் காரணம்.

மீன் கூடையா?

அப்போது பெரிய யுத்தம் முடிந்து சில வருஷங்கள் ஆகியிருந்தன. நான் ஆயில் என்ஜின் மெக்கானிக். உப்பளங்களில் கடல் தண்ணீரை ஏற்றும் பம்புகள், அத்திப்பட்டுப் பக்கத்து அரிசி ஆலைகள், காட்டுப்பள்ளி வழியில் இரண்டொரு தோப்புகள், இவைதான் என் பிழைப்பு. எங்கே என்ஜின் படுத்தாலும் ஆள் அனுப்புவார்கள். நான் சைக்கிளில் ஸ்பானர் பையையும் மண்ணெண்ணெய் டின்னையும் கட்டிக்கொண்டு ஓட வேண்டும். பெரிய வேலையென்றால் என்ஜினைச் சங்கிலியால் தூக்குகிற செயின் பிளாக் வேண்டும். அதைச் சைக்கிளில் கட்டினால் நான் நடக்க வேண்டும்.

அதே சைக்கிளில்தான் ஞாயிற்றுக்கிழமைகளில் பிலோவைப் பின்னால் உட்கார வைத்து ராயபுரத்துக்குப் பூசைக்குப் போவோம். அவள் நாலு மாதம் முழுகாமல் இருந்தபோது ஒரு நாள் எர்ணாவூர் மணலில் சக்கரம் வழுக்கி இருவரும் விழுந்தோம். குழந்தைக்கு ஒன்றும் ஆகவில்லை. அவள் முழங்கையில் மட்டும் தோல் உரிந்துவிட்டது.

அந்த முழங்கைக்கு மருந்து போட்டவர் என் மாமனார். துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிறவர். பெயர் சவரிமுத்து. பத்து டன் சரக்கைக் கப்பலிலிருந்து தூக்கி, முட்டையை வைப்பது போலத் தரையில் வைக்கிற மனுஷர். அப்படிப்பட்டவர் கண்ணுக்கு அந்தச் சின்னக் காயம் எவ்வளவு பெரிதாகத் தெரிந்திருக்கும் என்று எனக்கே ஒரு பெண் பிறந்த பிறகுதான் புரிந்தது.

தலைப்பிரசவம் தாய்வீட்டில் நடந்தது. பெண் குழந்தை. ரோசி என்று ஞானஸ்நானம் கொடுத்தார்கள். ஐந்தாம் மாதம் தாயையும் பிள்ளையையும் அழைத்துப் போவது எங்கள் வழக்கம். அந்தப் பேச்சை எடுத்ததும் மாமனார் காப்பி டம்ளரைக் கீழே வைத்தார்.

“சைக்கிள்ல கட்டி இட்டுக்கினு போறதுக்கு எம்பொண்ணு இன்னா மீன் கூடையா மாப்ள? ஒரு நல்ல வண்டியோட வா. அனுப்பறேன்.”

ரயில் இருக்கிறதே என்றேன். எண்ணூர் ஸ்டேஷனிலிருந்து எங்கள் வீடு உப்பளத்தைத் தாண்டி மணலில் ஒன்றரை மைல் என்பதை அவர் மறக்கவில்லை. அந்த மணலில் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு யார் நடப்பது என்று திருப்பிக் கேட்டார்.

பிலோ எனக்குப் பரிந்து பேசுவாள் என்று அடுக்களைப் பக்கம் போனேன். அங்கே அதற்கு மேல் கிடைத்தது.

“அப்பா சொல்றதுக்கு முன்னாடி நானே சொல்லணும்னு இருந்தேன்” என்றாள். “எண்ணூர்லர்ந்து ராயபுரம் வரிக்கும் உங்க முதுகப் பாத்துக்கினே எத்தினி வருசம் வர்றது? மூஞ்சிய பாத்து ரெண்டு வார்த்த பேசிக்கினு வர்ற மாதிரி ஒரு வண்டி பாருங்க.”

எனக்கு ரோஷம் வந்துவிட்டது. வண்டியோடுதான் இனி இந்தப் படியை மிதிப்பேன் என்று சொல்லிவிட்டுக் கிளம்பினேன். கிளம்புகிறபோது ரோசியைத் தூக்கினேன். அவள் என்னைப் பார்த்து வீறிட்டு அழுதாள். மாதத்துக்கு இரண்டு தடவை கிரீஸ் வாடையோடு வந்துபோகிற ஆளை அவளுக்கு எப்படி அடையாளம் தெரியும்? அந்த அழுகைதான் என்னை உண்மையில் உலுக்கியது. ஒற்றைப்படை மாதத்தில்தான் அழைப்பார்கள், ஐந்தை விட்டால் ஏழாம் மாதம். அதற்குள் நான் இன்னும் அந்நியனாகிவிடுவேன்.

நான்கு முடிச்சு

வண்டி என்றதும் ஆளாளுக்கு யோசனை சொன்னார்கள். மாட்டு வண்டி வாங்கு என்றார்கள். பம்பு நின்றுபோன உப்பளக்காரரிடம் நான் மாட்டு வண்டியில் போய்ச் சேருவதற்குள் அவர் வேறு மெக்கானிக்கைத் தேடிப் போயிருப்பார். ஜட்கா வாங்கு என்றார்கள். குதிரைக்குக் கொள்ளு போடுவதோடு போகாது, அதைக் கட்டிவைக்க ஒரு இடம் வேண்டும், மணலில் இழுக்க அது சம்மதிக்க வேண்டும். வண்ணாரப்பேட்டையில் ஒரு பழைய கார் இருப்பதாகச் சொன்னார்கள். போய்ப் பார்த்தேன். ஆசையாகத்தான் இருந்தது.

ஆனால் எங்கள் பக்கம் ஒரு மதகு உண்டு. அதன்மேல் பனங்கட்டைகளைப் போட்டுப் பாலம் கட்டியிருந்தார்கள். உப்பு வண்டி போகும் அகலம்தான். என் வேலையில் பாதி அந்தப் பாலத்துக்கு அப்புறம் இருந்தது. கார் அதில் ஏறினால் காரும் பாலமும் சேர்ந்து வாய்க்காலில் இறங்கிவிடும்.

அதனால் ஒரு கயிறு எடுத்தேன். பாலத்தின் அகலத்துக்கு ஒரு முடிச்சு. என் சாமான் பெட்டியின் நீளத்துக்கு ஒரு முடிச்சு. மாமனார் வீட்டுச் சந்தின் அகலத்துக்கு ஒரு முடிச்சு. அதை மட்டும் ஒரு விடியற்காலையில் யாருக்கும் தெரியாமல் போய் அளந்து வந்தேன். படியைத்தான் மிதிக்க மாட்டேன் என்று சொன்னேனே தவிர சந்தை மிதிக்க மாட்டேன் என்று சொல்லவில்லை.

நாலாவது முடிச்சு சுவரில் இருந்த எண்ணெய்க் கறை. பிலோ உட்கார்ந்தால் தலை எங்கே வரும் என்பதற்கு என்னிடம் இருந்த ஒரே அளவு அதுதான்.

பட்டாளத்து வண்டிகளை ஏலம் போடுகிறார்கள் என்று கேள்விப்பட்டுப் போனேன். லாரி, ஜீப்பு என்று வெயிலில் வரிசையாக நின்றன. எல்லாரும் என்ஜினை உதைத்துப் பார்த்து, டயரைத் தட்டிப் பார்த்து, பெட்ரோல் எவ்வளவு குடிக்கும் என்று கேட்டார்கள். நான் கயிற்றை எடுத்தேன். அங்கே இருந்த ஒருவர் நான் தூக்குப் போட்டுக்கொள்ள வந்திருக்கிறேனோ என்று பயந்து கிட்டே வந்து பார்த்தார்.

கடைசி வரிசையில் ஒரு மோட்டார் சைக்கிள். இடது பக்கத்தில் ஒரு தொட்டி, தொட்டிக்கு அடியில் மூன்றாவது சக்கரம். அகலம் பாலத்து முடிச்சுக்கு இரண்டு விரல் குறைவு. பெட்டி தொட்டிக்குள் அடங்கும். சந்திலும் நுழையும். எல்லாவற்றுக்கும் மேலாக, தொட்டியில் உட்காருகிறவள் என் முதுகைப் பார்க்க வேண்டியதில்லை. பக்கத்தில் வருவாள்.

சைடு கார் என்று அதற்குப் பெயர் சொன்னார்கள். கையிருப்பு போதாமல் என் கைக்கடிகாரமும் போயிற்று. அதைப் பற்றி இன்றுவரை வருத்தமில்லை.

வீட்டுக்குக் கொண்டுவந்து, துறைமுகத்துச் சரக்குப் பெட்டி ஒன்றின் தேக்குப் பலகையை இழைத்து, தொட்டிக்குள் சாய்மானமாகக் கொக்கி போட்டு மாட்டினேன். நாலாவது முடிச்சுக்கு மேலேயும் ஒரு சாண் நிற்கும்படி அதை இழைத்திருந்தேன். வேலை நாளில் பலகையைக் கழற்றிவிட்டுச் சாமான் பெட்டியை வைக்கலாம். ஞாயிற்றுக்கிழமை பெட்டி இறங்கும், பலகை ஏறும்.

வெங்கட்டம்மாவின் காது

சேதி சொல்லி அனுப்ப ஆள் வேண்டியிருந்தது. அன்று எனக்கு அத்திப்பட்டில் வேலை. ராயபுரத்துக்கு வளையல் விற்கப் போகிற வெங்கட்டம்மாவைப் பிடித்து, “ஞாயித்துக்கெழம பூச முடிஞ்சதும் சைடு காரோட வரேன், ரெடியா இருக்கச் சொல்லு” என்றேன். பட்டாளத்திலிருந்து வந்தது, நல்ல உறுதியானது என்றும் பெருமையாகச் சேர்த்துச் சொன்னேன்.

வெங்கட்டம்மாவுக்குத் தாய்மொழி தெலுங்கு. மரியாதைக்குரியவர்கள் யாராயிருந்தாலும் அவளுக்குக் ‘காரு’தான். நாயுடு காரு, ரெட்டி காரு, டாக்டரு காரு. என்னைக்கூட அந்தோணி காரு என்றுதான் கூப்பிடுவாள். அப்படிப்பட்டவள் காதில் ‘சைடு காரு’ எப்படி விழும்?

ராயபுரத்துக்குப் போய் அவள் சொன்னது இது.

“ஞாயித்துக்கெழம அந்தோணி காரு வராரும்மா. கூட சையது காரும் வராராம்.”

மாமியார் யார் அந்தச் சையது காரு என்று கேட்டிருக்கிறாள். வெங்கட்டம்மா யோசித்துப் பார்த்து, பெரிய மனுஷராகத்தான் இருக்கும், பட்டாளத்தில் இருந்தவராம், நல்ல உறுதியான ஆளாம் என்று சொல்லிவிட்டு, இரண்டு டஜன் வளையலும் விற்றுவிட்டு வந்துவிட்டாள்.

அதற்குப் பிறகு அங்கே நடந்ததெல்லாம் பிலோ பின்னாளில் எனக்குச் சொன்னது.

மாமனாருக்குக் கோபமான கோபம். பெண்டாட்டியை அழைத்துப் போக மாப்பிள்ளை வெளியாளை வைத்துப் பஞ்சாயத்துப் பண்ணுகிறானா, அதுவும் பட்டாளத்துக்காரரை வைத்து மிரட்டுகிறானா என்று வீட்டுக்குள் இப்படியும் அப்படியும் நடந்திருக்கிறார். அன்று கிரேன் வேலைக்கே லீவு போட்டுவிட்டார்.

ஆனால் கோபம் ஒரு பக்கம் இருந்தாலும் விருந்தாளி விருந்தாளிதானே. சனிக்கிழமை மாலை அவரே வண்ணாரப்பேட்டைக்குப் போய், பாய் கடையில் நின்று, சையது காரு சாப்பிடலாமா கூடாதா என்ற சந்தேகம் வராதபடி அங்கேயே ஆட்டுக்கறி வாங்கி வந்திருக்கிறார். எதிர்வீட்டிலிருந்து கைவைத்த நாற்காலி ஒன்று இரவல் வந்தது. தன் பக்கத்துக்கும் ஒரு பெரிய மனுஷர் வேண்டும் என்று கோயில் உபதேசியாரைச் சாப்பிடக் கூப்பிட்டுவிட்டார்.

அதோடு, சையது காருவிடம் என்ன பேசுவது என்று சவரம் செய்துகொள்ளும்போது கண்ணாடியைப் பார்த்துப் பேசிப் பழகினாராம். பிலோ கதவுக்குப் பின்னால் நின்று கேட்டிருக்கிறாள். முதலில் கோபமாக ஆரம்பித்த பேச்சு, நாலாவது தடவை பேசும்போது வேறு மாதிரி ஆகிவிட்டது என்றாள். என்ன மாதிரி என்று அவள் சொல்லவில்லை. அதை நான்தான் ஞாயிற்றுக்கிழமை நேரிலேயே கேட்டேனே.

எங்கே அவர்?

இது எதுவும் தெரியாமல் நான் ஞாயிற்றுக்கிழமை அந்தச் சந்துக்குள் நுழைந்தேன். சத்தம் கேட்டுச் சந்தே வெளியே வந்துவிட்டது. மாமனார் கோட்டுப் போட்டுக்கொண்டு வாசலில் நின்றார். பக்கத்தில் உபதேசியார். உள்ளே தாளிக்கிற வாசனை. எனக்கு இவ்வளவு மரியாதையா என்று நெஞ்சு நிறைந்துபோயிற்று.

யாரும் என்னைப் பார்க்கவில்லை என்பது பிறகுதான் தெரிந்தது. எல்லாரும் எனக்குப் பின்னால் பார்த்துக்கொண்டிருந்தார்கள். மாமியார் முந்தானையைத் தலைக்கு இழுத்துவிட்டுக்கொண்டு, தாழ்ந்த குரலில் கேட்டாள்.

“அவரு எங்க?”

“யாரு அத்த?”

“சையது காரு.”

நான் தொட்டியைத் தட்டிக் காட்டினேன். “இதோ நிக்குதே.”

உபதேசியாருக்குத்தான் முதலில் விளங்கியது. அவர் சிரிக்க ஆரம்பித்து, இருமல் வந்து, அந்த இரவல் நாற்காலியிலேயே உட்கார்ந்துவிட்டார். மாமியார் முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டாள். மாமனார் மட்டும் சிரிக்கவில்லை. கோட்டுப் பொத்தானை ஒவ்வொன்றாகக் கழற்றினார். கண்ணாடி முன்னால் பழகிய பேச்சைக் கேட்க ஆள் இல்லாமல் போன வருத்தம் அவர் முகத்தில் நன்றாகத் தெரிந்தது.

சாப்பிட்டு முடித்ததும் வண்டியைப் பரிசோதிக்க வந்தார். கிரேன்காரர் அல்லவா, தொட்டியை இரண்டு கையாலும் பிடித்து உலுக்கினார். குனிந்து அடியில் இருந்த இணைப்பைத் தட்டிப் பார்த்தார். மழை வந்தால் என்றார். தார்ப்பாயை விரித்துக் காட்டினேன். மணலில் என்றார். அகலமான டயரைக் காட்டினேன். பிள்ளைக்குக் காற்று அடிக்குமே என்றார். முன்னால் தடுப்புத் தகடு இருந்தது. மண்ணெண்ணெய் நாறுமே என்றார். பெட்டி வேறு, பலகை வேறு என்று கழற்றி மாட்டிக் காட்டினேன்.

அதற்கப்புறம் அவருக்குக் கேட்க ஒன்றும் இல்லை. அவர் முகம் வாடிப்போயிற்று. எனக்கு அப்போதுதான் உறைத்தது. இத்தனை நாளும் இவர் வண்டி கேட்கவில்லை. பெண்ணும் பேத்தியும் போகாமல் இருக்க ஒரு காரணம் கேட்டிருக்கிறார். அதை நான் முடிச்சுப் போட்டு அளந்து அளந்து ஒவ்வொன்றாக எடுத்துவிட்டேன். ஜெயித்த சந்தோஷம் எனக்குத் துளியும் வரவில்லை.

பிலோ குழந்தையோடு வந்து தொட்டியில் உட்கார்ந்தாள். சாய்ந்தாள். தலை பலகையில் சரியாகப் பொருந்தியது. ஆச்சரியமாக என்னைத் திரும்பிப் பார்த்து, எப்படி அளவு தெரியும் என்று கேட்டாள். கயிற்றை எடுத்துக் காட்டிச் சொன்னேன்.

“அப்ப இன்னும் வூட்டுக்கு சுண்ணாம்பு அடிக்கலியா?” என்றாள்.

அடிக்கவில்லை. அடிக்க மனசு வரவில்லை. அதையும் சொன்னேன். அவள் குழந்தையின் தொப்பியைச் சரி செய்கிற மாதிரி தலையைக் குனிந்துகொண்டாள்.

கிளம்பும் நேரம். மாமனார் முன்னால் வந்து வழியை மறித்து நின்றார். கழற்றிய கோட்டை மறுபடி போட்டிருந்தார். தொட்டியின் மூக்கில் கையை வைத்துக் குனிந்தார்.

“சையது காரு” என்றார்.

யாரோ சிரிக்கப் பார்த்தார்கள். உபதேசியார் கையைக் காட்டி அடக்கினார்.

“நீங்க பெரிய மனுசர்னு கேள்விப்பட்டேன். எம்பொண்ணுக்கு வாய் கொஞ்சம் ஜாஸ்தி, மனசுல ஒண்ணும் கெடயாது. பேத்திக்குக் காத்து ஆவாது. மாப்ள நல்ல பையன்தான், ஆனா அவசரக்காரன். நீங்கதான் பாத்து இட்டுக்கினு போவணும். உங்கள நம்பித்தான் அனுப்பறேன்.”

அவ்வளவுதான். கையை எடுக்க மட்டும் அவருக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது. நான் அவசரப்படாமல் காத்திருந்தேன்.

தலையாட்டிய கதை

மூஞ்சியைப் பார்த்துப் பேசிக்கொண்டு வர வேண்டும் என்று கேட்டவளுக்கு வாங்கிய வண்டியில் ஒரு வார்த்தைகூடக் காதில் விழாது என்பது தண்டையார்பேட்டை தாண்டியதும் தெரிந்தது. என்ஜின் அப்படி இரைந்தது. பிலோ ஐந்து மாதப் பேச்சை வழியெல்லாம் பேசினாள். நான் வாயசைவைப் பார்த்துச் சிரித்துச் சிரித்துத் தலையாட்டினேன். திருவொற்றியூரில் ஒரு தடவை, எர்ணாவூர் மணலில் ஒரு தடவை கொஞ்சம் அழுத்தமாகக் கேட்டாள். அழுத்தமாகவே ஆட்டினேன். ரோசி வண்டியின் அதிர்வில் சொக்கித் தூங்கிக்கொண்டிருந்தாள். இறங்கித் தூக்கியபோதும் அழவில்லை.

வீட்டுக்குள் போனதும் பிலோ என் கையைப் பிடித்துக்கொண்டு, “நீங்க ஒத்துக்குவீங்கன்னு நான் நெனைக்கவே இல்ல” என்றாள். எதற்கு ஒத்துக்கொண்டேன் என்று கேட்க எனக்குத் தைரியம் இல்லை.

அடுத்த ஞாயிறு பூசை முடிந்து வெளியே வந்தபோது தெரிந்தது. வண்டிக்குப் பக்கத்தில் மாமனார் கோட்டோடு நின்றுகொண்டிருந்தார். வாராவாரம் அவரை எண்ணூருக்கு அழைத்துப் போய்ச் சாயங்காலம் கொண்டுவந்து விடுவதாக நான் தலையாட்டியிருக்கிறேன். எங்கே கிளம்பிவிட்டீர்கள் என்று சந்துக்காரர் ஒருவர் கேட்டார். சையது காரு கூப்பிட்டிருக்கிறார், தட்ட முடியவில்லை என்று அவர் பெருமையாகச் சொன்னார். அவரையும் பேத்தியையும் தொட்டியில் ஏற்றினேன், பிலோ என் பின்னால் உட்கார்ந்தாள். அவள் மறுபடியும் என் முதுகைப் பார்த்துக்கொண்டுதான் வந்தாள். அன்று அதைப் பற்றி ஒரு புகாரும் இல்லை.

பல வருஷங்கள் அப்படியே நடந்தது. மாமனார் காலமான பிறகு வண்டியும் ஓய்ந்தது. வாங்க வந்தவர் எல்லாவற்றையும் எடுத்துக்கொள்ளட்டும், பலகையை மட்டும் தர முடியாது என்று சொல்லிவிட்டேன். வண்டியைக் கொடுத்துவிட்டுப் பலகையை வைத்துக்கொண்டு என்ன செய்யப் போகிறீர்கள் என்று பிலோ திட்டினாள். பிறகு அதைத் திருப்பிப் பார்த்தாள்.

பலகையில் இரண்டு எண்ணெய்க் கறைகள் இருந்தன. ஒன்று நாலாவது முடிச்சு உயரத்தில். இன்னொன்று அதற்கு நாலு விரல் மேலே, அவள் அப்பா உயரத்தில்.

சுண்ணாம்பு பாழாகிறது என்று சாக்குச் சொல்லி, அவளே அதைச் சுவரில் தன் இடத்தில் அடிக்கச் சொன்னாள். இன்றும் அதில்தான் சாய்ந்துகொண்டு அரிசியில் கல் பொறுக்குகிறாள். கீழ்க் கறை வருஷத்துக்கு வருஷம் கொஞ்சம் அகலமாகிக்கொண்டு வருகிறது. பலகையைத் துடைக்கும்போது மேல் கறையை மட்டும் அவள் விட்டுவிடுவாள்.